காட்டாங்குளத்தூரில் ஒரு பெட்டி மண்

தாம்பரத்தில் முதல் காலையில் என்னை எழுப்பியது ஆகாய விமானம். எங்கள் யாழ்ப்பாணத்தில் சேவல் செய்கிற வேலை அது. கண்ணைத் திறந்தபோது ஓட்டுக்கூரையில் பதித்த கண்ணாடி வழியாக ஒரு சதுர வெளிச்சம் தரையில் விழுந்து கிடந்தது. அதன் ஓரத்தில் என் தங்கை பூமணி உட்கார்ந்து முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். விமானச் சத்தத்துக்கு அவள் தலை நிமிரவில்லை. கல் ஏதும் இல்லாத அரிசி அது என்பது எனக்குச் சற்றுப் பொறுத்துத்தான் தெரிந்தது.

நான் இரண்டு காரியமாகக் கடல் கடந்து வந்திருந்தேன். ஒன்று, கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னது. நான் பூமிசாஸ்திரம் படிப்பிக்கிற ஆசிரியை. எங்கள் பள்ளிக்கூடத்து அறையில் வெவ்வேறு நிலங்களின் மண்ணைப் பெட்டிகளில் சேர்த்து வைத்திருக்கிறேன். அள்ளி வந்த மண் அல்ல. குழி வெட்டி, குழியின் சுவரில் தூண்போலச் செதுக்கி, மேல்மண் மேலேயும் அடிமண் அடியிலுமாக அப்படியே நெடும்பெட்டியில் ஏற்றிய மண். சுவரில் சாத்தி வைத்தால் ஒரு நிலம் எப்படி உண்டாயிற்று என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்துவிடலாம். எங்கள் ஊரில் கிடைக்காத கருங்கல் நாட்டு மண் ஒன்று எனக்கு வேண்டியிருந்தது.

இரண்டாவது, அம்மா சொல்லி அனுப்பியது: "அவளைக் கூட்டிக்கொண்டு வா."

பூமணி சென்னைக்குப் படிக்க வந்து, தேவாலயப் பாடகர் குழுவில் கூடப் பாடிய எட்வினைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். அம்மா கல்யாணத்துக்கு வரவில்லை. அந்த வருஷம் பங்குனியில் பூமணிக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்றாம் நாள் இறந்துபோயிற்று. எங்களுக்கு வந்த தந்தியில் அவ்வளவுதான் இருந்தது. ஆவணி விடுமுறை வந்ததும் நான் புறப்பட்டுவிட்டேன்.

காலைச் சாப்பாடு இட்லியும் சாம்பாரும். யாழ்ப்பாணத்துக்காரிக்குக் கறியில் தேங்காய்ப்பால் இல்லாவிட்டால் ஏதோ திறந்த வீட்டில் ஆளில்லாதது மாதிரி இருக்கும். நான் பையிலிருந்து பனங்கிழங்கு இடித்த ஒடியல் மாவும் பனம்பழச் சாற்றை வெயிலில் காயவைத்த பனாட்டும் எடுத்து வைத்தேன். பூமணி பனாட்டை மோந்து பார்த்துவிட்டு, "பிறகு சாப்பிடுறன் அக்கா" என்று மூடி வைத்தாள். காபி மட்டும் அவள் கையில் தேவாமிர்தமாக வந்தது. தேத்தண்ணீர்க் குடும்பத்தில் பிறந்தவள் இப்படிக் காபி போடக் கற்றிருக்கிறாளே என்று நினைத்தேன்.

மாலையில் எட்வின் வேலையிலிருந்து வந்தார். நல்ல மனிதர், நடக்கும்போதுகூட யாரையும் தொந்தரவு செய்யக்கூடாது என்பதுபோல நடப்பார். வாசலோரம் சாக்கு போர்த்திய ஒரு சிமெண்ட் மூட்டையைக் காட்டினார்.

"பர்மிட் போட்டு அலைஞ்சு வாங்கினேன் அக்கா. கொழந்தைக்கு ஒரு கல்லறை கட்டலாம்னு. கொத்தனாரும் ரெடி. இவ பேசவே மாட்டேங்கறா. வேணும்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. நீங்களாவது கேட்டுப் பாருங்க."

பூமணி உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் நின்றது. பிறகு முன்னிலும் பலமாகக் கேட்டது.

மறுநாள் நான் மட்டும் பல்லாவரத்துக்குப் போனேன். மண்ணைப் பார்க்குமுன் அதன் தாய்க்கல்லைப் பார்த்துவிட வேண்டும்.

மின்சார ரயிலில் எனக்கு அதுதான் முதல் தடவை. எங்கள் ஊர் ரயில் "போகிறேன், போகிறேன்" என்று அரை மணி நேரம் சொல்லிவிட்டுத்தான் புறப்படும். இது கனவு நகர்வதைப்போலச் சத்தமில்லாமல் நகர்ந்தது. வேப்பமரங்கள், எருமைகள், புதுக் காலனிகளின் அரைகுறைச் சுவர்கள் எல்லாம் தண்ணீருக்குள் தெரிகிற மாதிரி பின்னால் போயின. அந்த மயக்கத்தில் பல்லாவரத்தைத் தவறவிட்டு மீனம்பாக்கத்தில் இறங்கினேன். திரும்பி வருகிற வண்டியிலும் உட்கார்ந்த மாத்திரத்தில் மறுபடி மயங்கி, குரோம்பேட்டையில் இறங்கினேன்.

அங்கே ஒரு பழக்காரியிடம் கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டே வழி கேட்டேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா மா, கேரளாவா?"

"இல்லை, தமிழ்தான். யாழ்ப்பாணம். சிலோன்."

"அட, ரேடியோல பாட்டு போடுவாங்களே, அந்த ஊரா!" என்று கொய்யாப்பழம் ஒன்றைக் கூடுதலாகப் போட்டாள். "நல்லாத்தான் பேசற. இன்னா, ஒரு வார்த்தையும் புரியல."

கடைசியில் நடந்தே மலைக்குப் போய்ச் சேர்ந்தேன். கல் உடைக்கிறவர்கள் தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். நான் பொறுக்கி எடுத்த கல்லைப் பார்த்து ஒருத்தி ஏதோ சொல்ல மற்றவள் சிரித்தாள். பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் மொழிபெயர்த்தார்: "அது வெந்த கல்லாம். ஜல்லிக்கு ஆவாது, தூக்கிப் போடச் சொல்லுது."

எனக்கு வேண்டியது அந்த வெந்த கல்தான். உடைத்த முகத்தில் நல்ல கல் நீலமும் கருப்புமாக எண்ணெய் தடவினதுபோல மின்னும். வெந்த கல்லுக்கு மேலே பழுப்புத் தோல். நகத்தால் கீறினால் பொடி உதிரும். மழைநீரும் காற்றும் வேர்முனையும் தொட்டுத் தொட்டுக் கல் இருந்த இடத்திலேயே பழுத்து உதிர்கிறது. எங்கள் ஊர்ச் செம்மண் வேறு விதம். அங்கே சுண்ணாம்புக்கல் மழையில் கரைந்து போய்விடும். கரைய மறுத்த கொஞ்சம்தான் மண்ணாக மிஞ்சும். பாறையின் இடுக்கில் சாம்பல் நிறத்தில் பாசி படர்ந்து, அதன் தூசியில் ஒரு புல் வேர்விட்டிருந்தது. வெயில் ஏறுகிற வரையில் அந்தப் புல்லின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கீழே ஜல்லி உடைகிற ஓசை தூரத்துக் கோயில் மணிபோல வந்துகொண்டிருந்தது.

குழி வெட்ட இடம் பிடித்துக் கொடுத்தவர் எட்வின். கூட வேலை செய்கிற நண்பருக்குக் காட்டாங்குளத்தூரில், குன்றின் அடியில், கொஞ்சம் தரிசு இருந்தது. அங்கே மண் வெட்டிப் பழகிய கன்னியப்பன் என்பவரையும் சொல்லி வைத்திருந்தார். தாம்பரத்துத் தச்சர் ஒருவர் என் இடுப்பளவு நீளத்துக்கு ஒடுக்கமாக ஒரு பெட்டி செய்து தந்தார்.

சனிக்கிழமை காலை நாங்கள் செருப்பைப் போடும்போது பூமணி வந்து, "நானும் வாறன்" என்றாள். எட்வின் என்னைப் பார்த்தார். பங்குனியிலிருந்து அவள் வீட்டை விட்டுத் தொலைவாக எங்கும் போனதில்லையாம்.

பாசஞ்சர் வண்டி பெருங்களத்தூர், வண்டலூர் என்று நின்று நின்று போயிற்று. பீர்க்கன்கரணை ஏரியில் தண்ணீர் கண்ணாடித் துண்டுபோலக் கிடந்தது; அதில் ஒரு கொக்கு இரண்டு கொக்காக நின்றது. முந்தின மாலை இடியோடு மழை பெய்திருந்ததால் எங்கும் மண் வாசனை. பூமணி ஜன்னலில் முகத்தை வைத்து அதை மூச்சிழுத்துக்கொண்டே வந்தாள்.

காரைப்புதரும் களாச்செடியுமாக இருந்தது அந்த நிலம். நடுவில் ஆளுயரப் புற்று ஒன்று. கன்னியப்பன் அதற்குக் கும்பிடு போட்டுவிட்டு, தள்ளி வெட்டத் தொடங்கினார்.

"ஏம்மா, சிலோன்ல மண்ணு கெடியாதா? இத்தப் போயி கப்பல்ல தூக்கினு போறியே?"

"இருக்கு ஐயா. இது மாதிரி இல்லை."

"மண்ணுல இன்னா மா மாதிரி?" என்றவர், எட்வினைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

மதியத்துக்குள் என் தோள் ஆழத்துக்குக் குழி ஆகிவிட்டது. கட்டிக்கொண்டு வந்த புளிச்சோறும் வடகமும் சாப்பிட்டோம். எட்வினும் கன்னியப்பனும் தண்ணீர் கொண்டுவர ஊருக்குள் போனார்கள். நான் குழிக்குள் இறங்கிக் கத்தியால் சுவரைச் சீவத் தொடங்கினேன். பூமணியும் இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

மேலே நாலு விரல் அளவு கருமை: சருகு மக்கினது, வேர் பின்னிக் கிடந்தது. அதற்குக் கீழே சிவப்பு. பிறகு சரளை. பாதத்தருகில் வெந்த பாறை. கல்லின் வரியும் நரம்பும் அப்படியே தெரிந்தன. கத்தி மட்டும் பழைய வெல்லத்தில் இறங்குவதுபோல இறங்கியது.

"இதெல்லாம் ஒரே கல்லே அக்கா?"

"ஒரே கல்லுத்தான். கீழை இப்பதான் வேகத் துவங்குது. மேலை இருக்கிறது எத்தினையோ தலைமுறைக்கு முதல் வெந்தது."

"மேலை மட்டும் ஏன் கறுப்பு?"

"அது கல்லு மட்டும் இல்லை. செத்ததெல்லாம் அதுக்குள்ளை கிடக்கு. இலை, பூச்சி, வேர். அதுகளைப் புழுவும் கறையானும் பூஞ்சணமும் தின்னும். தின்னாட்டி மண்ணாகாது, தூள்தான். தூளிலை ஒண்டும் முளைக்காது."

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்று எனக்கு உறைத்தது. வகுப்பில் எத்தனை தடவை சொன்ன வசனம் அது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பூமணி குழிச் சுவரில் தன் நெஞ்சுக்கு நேரே உள்ளங்கையை வைத்தாள். அங்கே சிவப்பு முடிந்து சரளை தொடங்கியது.

"இவ்வளவு ஆழத்திலைதான் வச்சவையாம். எனக்குக் காய்ச்சல். என்னைக் கொண்டுபோகேல்லை. ஆஸ்பத்திரியிலை ஒரு துணியிலை சுத்தி அவரிட்டைக் குடுத்தவை. நான் வாசல் வரைக்கும்தான் பாத்தன்." கையை எடுக்காமலே கேட்டாள்: "அக்கா, உனக்குத் தெரியும். உண்மையைச் சொல்லு. இப்ப அங்கை என்ன இருக்கும்?"

அம்மா என்றால் "கர்த்தரிடம் இருக்கிறாள்" என்று சொல்லியிருப்பாள். அதைப் போதகர் ஏற்கனவே சொல்லியிருப்பார். அவள் கேட்டது அதை அல்ல.

"பெரிசா ஒண்டும் இருக்காது" என்றேன். "குழந்தை எலும்பு மெல்லிசு. இந்த மண்ணும் கொஞ்சம் புளிப்பு. கரைஞ்சு போகும். வேர் வந்து எடுக்கும்."

"என்ன வேர்?"

"என்ன நிக்குதோ, அது. புல்லு, மரம்."

"புங்கமரம் ஒண்டு நிக்குது" என்றாள். "நான் பிறகு ஒருநாள் போய்ப் பாத்தனான். இந்தச் சித்திரையிலை அது அப்பிடிப் பூத்தது அக்கா. தரை முழுக்கப் பூ. எனக்கு அதைப் பாக்கக் கோபம் கோபமா வந்தது."

அவள் அழுதாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் இருவர் கையிலும் ஈர மண். அவள் முதுகெல்லாம் என் விரல் பதிந்தது. மேலே களாச்செடியில் ஒரு புள் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. குழிக்குள் குளிர்ச்சியாக இருந்தது; வெளியுலகம் வெகுதூரத்தில் இருப்பதாகப் பட்டது.

எட்வின் தண்ணீர்க் குடத்தோடு வந்து மேலே நின்றார். பூமணி முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"சிமெண்ட் போட வேண்டாம்ங்க."

"சரி" என்றார்.

"மூடினா மழை இறங்காது. ஒண்ணும் முளைக்காது."

"சரிம்மா. போடல." குடத்தை இறக்கி வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார். பிறகு, "நான் ஏதாவது செய்யணும்னுதான் நெனச்சேன், பூமணி. சும்மா இருக்க முடியல" என்றார்.

கன்னியப்பன் அன்று அதற்குப் பிறகு வேடிக்கை ஒன்றும் பேசவில்லை. சுவரில் தூணைச் செதுக்கி, பெட்டியை அதன்மேல் பொருத்தி, பின்புறம் அறுத்து எடுத்தோம். உதிர்ந்துவிடாமலிருக்க ஈரக் காடாத்துணியால் பெட்டி முழுவதையும் சுற்றிக் கயிறு கட்டினேன். வெள்ளைத்துணி. எனக்கு அப்போது வேறொன்றும் தோன்றவில்லை.

சாயங்கால பாசஞ்சரில் கூட்டம். பெட்டியை நிமிர்த்தினால் மண் குலைந்துவிடும் என்பதால் எட்வின் ஒரு முனையையும் நான் ஒரு முனையையும் பிடித்துப் படுக்கைவாட்டில் ஏற்றினோம். கதவருகே சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆட்டம் நின்றது. ஒருவர் வாயிலிருந்த பீடியை வெளியே எறிந்தார். ஒரு பெஞ்சு முழுவதும் எழுந்து எங்களுக்கு இடம் விட்டது. ஏன் இந்த மரியாதை என்று நான் யோசித்துக்கொண்டே உட்கார்ந்தேன். பூமணி நடுவில். பெட்டி எங்கள் மூவர் மடியிலும் கிடந்தது.

எதிரே மல்லிகைக் கூடையோடு ஒரு பூக்காரி. எங்கள் சேற்றுக்கையையும் பூமணியின் வீங்கின கண்ணையும் பார்த்தவள், கூடையிலிருந்து ஒரு முழம் எடுத்து, எழுந்து வந்து, வெள்ளைத்துணியின்மேல் வைத்தாள்.

"எம்மா நாளு கொயந்த மா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எட்வினுக்கும் புரிந்திருக்க வேண்டும். "இல்லீங்க, இது வந்து..." என்று ஆரம்பித்தார்.

பூமணி சொன்னாள்: "மூணு நாள்."

எட்வின் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொண்ணா, புள்ளையா?"

"பொண்ணு."

"உன்ன மாரி இருந்துச்சா?"

"மூக்கு அவங்க மாதிரி" என்று எட்வினைக் காட்டினாள். "தலை நெறைய மயிர். கையை இப்பிடி மூடிக்கொண்டே இருந்தா. திறக்கவே இல்லை. ரெண்டாம் நாள் ராத்திரி என்ர விரலை உள்ளை விட்டுப் பாத்தன், பிடிச்சா. நல்ல பலம்."

வண்டி கூடுவாஞ்சேரியில் நின்று புறப்பட்டது. ஏறினவர்களும் பெட்டியைப் பார்த்து ஒதுங்கி நின்றார்கள். பூமணி பேசிக்கொண்டே இருந்தாள். பாதி எங்கள் தமிழ், பாதி இந்த ஊர்த் தமிழ். பூக்காரிக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. ஒவ்வொன்றுக்கும் "ஆமா மா", "இருக்கும் மா" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். நான் கேட்காத கேள்விகளை அவள் கேட்டாள். நாங்கள் எல்லோரும் அவள் மனம் நோகும் என்று தவிர்த்துக்கொண்டிருந்த கேள்விகள் அவை.

"பேரு வச்சீங்களா?"

பூமணி எட்வினைப் பார்த்தாள். அவர்தான் சொன்னார்: "வச்சோம். ஆஸ்பத்திரியிலேயே அவசரமா ஞானஸ்நானம் குடுத்தோம். நேசரத்தினம்."

அது எங்கள் அம்மாவின் பெயர்.

வண்டலூர்க் குன்றுகளுக்குப் பின்னால் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பெட்டிக்குள்ளிருந்து ஈரம் துணியைத் தாண்டி என் மடிக்கு வந்தது. மல்லிகையும் மண்ணும் கலந்த வாசனை. பூமணி ஒரு கையைப் பெட்டியின்மேல் வைத்திருந்தாள். மறுகையை எட்வின் பிடித்துக்கொண்டிருந்தார். இது மண் என்று யாரிடமும் நான் சொல்லவில்லை. தாம்பரத்தில் பெட்டியை இறக்க நாலு பேர் வந்தார்கள். சீட்டாடினவர்களில் ஒருவர் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வண்டி போகும்வரை கதவில் நின்றார்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் மூவருமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். சின்ன மேடு, அதன்மேல் புங்கமரத்துச் சருகு. எட்வின் சருகைக் கூட்டக் குனிந்தார். பூமணி, "இருக்கட்டும்" என்றாள். சுற்றிலும் கைக்கு அகப்பட்ட கற்களை எடுத்து வட்டமாக வைத்தார்கள். எனக்கு வேலை ஒன்றும் இல்லை. மரத்தடியில் நின்றேன்.

நான் புறப்படுகிற அன்று, கூட வருகிறாயா என்று பூமணியிடம் கேட்டேன். அம்மாவின் கட்டளையை அதுவரை நான் வாய்விட்டுச் சொல்லவே இல்லை.

"இப்ப வரேல்லை அக்கா. ஐப்பசி மழைக்கு அந்த மேட்டிலை என்ன முளைக்குதெண்டு பாக்கவேணும். அம்மாவுக்குக் கோபம் வந்தா வரட்டும்." பிறகு பனாட்டு டப்பாவைத் திறந்து, ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

என் பெட்டி கடலைத் தாண்டவில்லை. ராமேசுவரத்தில் சுங்க அதிகாரி ஒருவர் கயிற்றைத் தொட்டுப் பார்த்து, "என்ன இது?" என்றார்.

"மண். பள்ளிக்கூடத்துக்கு."

"மண்ணுன்னா பூச்சி, புழு, வெத ஏதாவது இருக்குமே. உசுருள்ளது எதுவும் அனுப்ப முடியாதும்மா. இருக்கா, இல்லையா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார்; அவர் முகத்தில் அந்தத் தயவு இருந்தது. நான் இருக்கிறது என்றேன். கொட்டகைக்குப் பின்னால் பூவரசமரத்தின் அடியில் பெட்டியைத் திறந்து கவிழ்த்தேன். வெண்மணலில் சிவப்பாகவும் கறுப்பாகவும் விழுந்தது. அதிலிருந்து ஒரு மண்புழு நெளிந்து நிழலுக்குள் போயிற்று. கப்பலில் காலிப் பெட்டியின்மேல் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அம்மா வாசற்படலையடியில் நின்றாள். என் பின்னால் வண்டியிலிருந்து யாரும் இறங்கவில்லை என்று கண்டதும் முகம் இறுகியது.

"எங்கையடி அவள்?"

நான் மற்றதெல்லாவற்றையும் விட்டுவிட்டுக் குழந்தையின் பெயரைச் சொன்னேன்.

அம்மா படலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "சின்ன வயசிலை அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாளே. பழங்காலத்துப் பேர் எண்டு" என்றாள். கண்ணைத் துடைக்காமலே என் பையை வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தாள். பாதி வழியில் நின்று, திரும்பாமல் கேட்டாள்:

"பாஸ்போட்டுக்குப் படம் எடுக்கிறதெண்டா எங்கை போகவேணும்?"